ஆக்சென்ட் எழுத்துகள் உடைந்து வருவது ஏன்? மேக், விண்டோஸ் கோப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு, ஜெர்மன் ஆவணங்களை மொழிபெயர்ப்பதும் பக்கம் கட்டிக் கொடுப்பதும் என் பிழைப்பு. வருகிற கோப்புகளில் சில இருபது, இருபத்தைந்து வருடப் பழசு. யாரோ மேக்கில் அடித்தது, யாரோ விண்டோஸில் திறந்தது, இன்னும் யாரோ 'சரிசெய்தது'. இதே தொல்லையில் மாட்டிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேக்கில் எழுதிய பிரெஞ்சுக் கட்டுரையை விண்டோஸில் திறந்தேன். சாதாரண எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, ஆக்சென்ட் (எழுத்தின் தலையிலோ காலிலோ ஏறும் குறி) உள்ளவை மட்டும் கன்னாபின்னாவென்று வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை கோப்புக்கு வெளியே இருக்கிறது. மேக்கும் விண்டோஸும் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்தன.

சென்னைத் தெருக்களில் கதவுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு எண் எழுதியிருப்பார்களே, அதே கதைதான். கவரில் 'எண் 142' என்று மட்டும் இருந்தால் தபால்காரர் எந்த வீட்டில் போடுவார்? கடிதத்தில் தப்பில்லை, முகவரியிலும் தப்பில்லை. பழசா புதுசா என்று சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

கஃபே என்ற பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி எழுத்து தலையில் சாய்கோடு ஏறிய ஈ. பழைய மேக் அதை 142 என்று எழுதிவைக்கும். விண்டோஸ் அட்டவணையில் 142-இல் உட்கார்ந்திருப்பது தலையில் சின்ன 'வி' போன்ற குறி உள்ள பெரிய இசட். அதனால் சொல்லின் முடிவில் சம்பந்தமில்லாமல் ஓர் இசட் முளைக்கிறது. எதிர்த்திசையில், விண்டோஸ் அதே எழுத்தை 233 என்று எழுதும். மேக் அந்த 233-ஐ வேறு ஆக்சென்ட் ஏறிய பெரிய ஈ என்று படிக்கும்.

சாதாரண எழுத்துகள் தப்பிப்பதற்குக் காரணம், 0 முதல் 127 வரையுள்ள எண்களில் இருவருக்கும் ஒரே அட்டவணை. அதற்குப் பெயர் ஆஸ்கி. சண்டையெல்லாம் 128-இலிருந்து 255 வரைதான்.

ஏன் எழுத்துகளை நேரடியாகக் காட்டாமல் 'சாய்கோடு ஏறிய ஈ' என்று சுற்றி வளைக்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தை யாராவது நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டினால் உதாரணங்களே உடைந்துபோகும் என்பதால். சரியான எழுத்து எது, உடைந்த எழுத்து எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போன விளக்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆகவே பெயர்கள். வலப்பக்கம் ஏறும் சாய்கோடு அக்யூட், இடப்பக்கம் ஏறுவது கிரேவ், கூரை போல இருப்பது சர்க்கம்ஃப்ளெக்ஸ் (இனிமேல் 'கூரை' என்றே சொல்கிறேன்), இரண்டு புள்ளி உம்லாட், அலை போல நெளிவது டில்டே, சி-யின் காலில் தொங்கும் வால் செடில்லா. ஈ என்றால் ஆங்கில எழுத்து ஈ, பறக்கிற ஈ இல்லை. ஏ என்றால் ஆங்கிலத்தின் முதல் எழுத்து.

எல்லாரும் ஒரே அட்டவணை வைத்துக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆஸ்கி 1960-களில் அமெரிக்காவில் பிறந்தது. 128 இடங்கள், அதில் அச்சில் தெரிபவை இடைவெளியையும் சேர்த்து 95. அமெரிக்க ஆங்கிலத்துக்கு அது தாராளம், பிரெஞ்சுக்குப் போதாது. கணினிகள் எட்டு பிட்டுக்கு வந்தபோது இன்னொரு 128 இடம் கிடைத்தது. அதை யார் நிரப்புவது என்று பொதுவான முடிவு வருவதற்குள் அவரவர் கடையைத் திறந்துவிட்டார்கள்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசி (டாஸ் ஓடிய கணினி) தன் 437-ஆம் அட்டவணையில் அக்யூட் ஈ-யை 130-இல் வைத்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் 142-இல் வைத்தது. ஐஎஸ்ஓ 8859-1 என்ற பொதுத்தரம் 1987-இல் வந்து, 233 என்றது. விண்டோஸ் அதைப் பின்பற்றியது, ஆனால் முழுக்க அல்ல. அந்தத் தரம் 128 முதல் 159 வரையுள்ள இடங்களைக் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு என்று ஒதுக்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் அங்கே சுருள் மேற்கோள், நீளக் கோடு, வணிகச்சின்னக் குறி முதலியவற்றைக் குடிவைத்தது. அதுதான் விண்டோஸ்-1252.

ஆக, 1990-களில் ஓர் அலுவலகத்தில் டாஸ், விண்டோஸ், மேக் மூன்றும் இருந்தால், ஒரே எழுத்துக்கு அங்கே மூன்று எண்கள். யாரும் சதி செய்யவில்லை. மேக் 142-ஐத் தேர்ந்தெடுத்தபோது 233 என்ற விடை இன்னும் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

உடைந்ததைப் பார்த்து, எந்த அட்டவணை எதோடு கலந்தது என்று சொல்ல முடியுமா?

முடியும், இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். உடைந்த எழுத்துகளைக் குப்பை என்று நினைக்காதீர்கள், அவைதான் சாட்சி.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஓர் ஆக்சென்ட் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஓர் எழுத்து வந்திருக்கிறதா, இரண்டு வந்திருக்கிறதா? இரண்டு என்றால் யூடிஎஃப்-8 சமாச்சாரம், அதற்குப் பிறகு வருகிறேன். ஒன்றுக்கு ஒன்று என்றால் பழைய அட்டவணைகளின் குழப்பம்.

அப்புறம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைத் தேடுங்கள். பிரெஞ்சில் ஹோட்டல் என்ற சொல்லில் ஓ-வின் தலையில் கூரை இருக்கும். மேக் அதை 153 என்று எழுதும், விண்டோஸில் 153 வணிகச்சின்னக் குறி. ஹோட்டலுக்கு நடுவே குட்டியாக 'டிஎம்' என்று மேலே ஏறி நின்றால் மேக் கோப்பை விண்டோஸாகப் படித்திருக்கிறீர்கள், சந்தேகமே வேண்டாம். ஸ்பானிஷில் டில்டே ஏறிய 'என்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு வந்தாலும் அதே நோய்தான். மேக்கின் 150 டில்டே என், விண்டோஸின் 150 சிறு கோடு.

விண்டோஸ் கோப்பை மேக்காகப் படித்தால் அடையாளங்கள் வேறு. கிரேவ் ஏ இரட்டைக் கத்திக் குறியாகும். செடில்லா சி, அக்யூட் உள்ள பெரிய ஏ ஆகும். ஜெர்மனில் இன்னும் வேடிக்கை. உம்லாட் யூ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வால் மட்டும் தொங்கும், எழுத்தையே காணோம். தெரு என்ற சொல்லில் வரும் ஜெர்மன் இரட்டை எஸ், எஃப்-எல் என்ற கூட்டெழுத்தாக மாறிவிடும். இது மோசமானது, ஏனென்றால் பார்ப்பதற்கு ஒழுங்கான எழுத்து மாதிரியே இருக்கும். ஜெர்மன் தெரியாத பிழைதிருத்துநர் அப்படியே விட்டுவிடுவார்.

டாஸ் கோப்பை விண்டோஸாகப் படித்தால், அக்யூட் ஈ எல்லாம் அடியில் உட்கார்ந்த காற்புள்ளி போலவும், கிரேவ் ஏ எல்லாம் மூன்று புள்ளியாகவும் வரும். விண்டோஸ் கோப்பை டாஸில் படித்தால் அக்யூட் ஈ கிரேக்கத் தீட்டாவாகத் தெரியும். பிரெஞ்சுக் கடிதம் கணிதப் பாடம்போல இருந்தால் இதுதான்.

என் கோப்பு முழுக்க ஆங்கிலம். ஆக்சென்டே கிடையாது. ஆனால் 'டோன்ட்' போன்ற சொற்களில் கொம்புக்குறிக்கு (அபாஸ்ட்ரஃபி) பதிலாக ஏதோ ஓ வந்து உட்கார்ந்திருக்கிறதே?

டில்டே ஏறிய பெரிய ஓ-வா? அப்படியென்றால் அதுவும் மேக்கிலிருந்து வந்தது. விசைப்பலகையில் நேராக இருக்கும் மேற்கோளை வேர்டு தானாகவே சுருள் மேற்கோளாக மாற்றிவிடும். நேர்க்குறி ஆஸ்கியில் இருக்கிறது, சுருள்குறி இல்லை. மேக்கின் சுருள் கொம்பு 213, அது விண்டோஸில் டில்டே ஓ. எதிர்த்திசையில் விண்டோஸின் சுருள் கொம்பு 146, அது மேக்கில் அக்யூட் ஐ. 'எனக்கு ஆங்கிலம் மட்டும்தான், இந்தத் தொல்லை கிடையாது' என்று இருந்தவர்களும் இப்படித்தான் மாட்டினார்கள்.

சரி, உடைந்த கோப்பு கையில் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு நகல் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். திறந்து பார்த்துவிட்டு மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

காரணம் இருக்கிறது. எண்கள் அப்படியே இருக்கும்வரை இது தவறாகப் படிப்பதுதான், சரியான அட்டவணையைக் காட்டினால் எழுத்துகள் திரும்பி வரும். ஆனால் ஏதாவது ஒரு நிரல் 'இந்த எழுத்து என் அட்டவணையில் இல்லை' என்று அதற்குப் பதில் கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டால் கதை முடிந்தது. அக்யூட் ஈ, கிரேவ் ஏ, கூரை ஓ எல்லாம் இப்போது ஒரே எண், 63. எது எதுவாக இருந்தது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிகிறதே, அதுவும் அப்படித்தான். திரையில் மட்டும் இருந்தால் பிழைத்தீர்கள், சேமித்துவிட்டால் போயிற்று.

ஒருமுறை ஒரு பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழின் தட்டச்சுப் பிரதி எனக்கு வந்தது. பெயர்களில் ஆறு இடத்தில் கேள்விக்குறி. இடையில் ஒரு டிடிபி சென்டரில் 'எழுத்து சரியாகத் தெரியவில்லை' என்று வேறு வடிவத்தில் சேமித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூலக் கோப்பு இல்லை. கடைசியில் காகிதச் சான்றிதழை ஸ்கேன் செய்து வாங்கி, கண்ணால் பார்த்து அடித்தேன். கட்டுரையில் ஒரு சொல்லை ஊகித்துப் போடலாம், ஆளின் பெயரை ஊகிக்க முடியாது.

ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் போட்டு ஒவ்வோர் எழுத்தாக மாற்றினால் ஆகாதா?

ஒரு பக்கக் கடிதத்துக்கு ஆகும். புத்தகத்துக்கு வேண்டாம். இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது வரிசை. விண்டோஸ் கோப்பை மேக்காகப் படித்த நிலையில், சின்ன அக்யூட் ஈ எல்லாம் பெரிய கிரேவ் ஈ-யாகத் தெரிகிறது, முன்பு 'வேறு ஆக்சென்ட்' என்று சொன்னது இதைத்தான். ஆனால் உண்மையான பெரிய கிரேவ் ஈ என்ன ஆகியிருக்கும்? அதன் விண்டோஸ் எண் 200, மேக்கில் 200 என்பது பிரெஞ்சு மூடும் மேற்கோள். நீங்கள் முதலில் மேற்கோளைப் பெரிய கிரேவ் ஈ ஆக்கிவிட்டு, அடுத்து பெரிய கிரேவ் ஈ-யைச் சின்ன அக்யூட் ஈ ஆக்கினால், இரண்டும் கலந்துவிடும். ஒன்றை மாற்றியது அடுத்த மாற்றத்தில் இன்னொரு தடவை மாறுகிறது. ஒரே ஓட்டத்தில், ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை மட்டும் தொட்டு மாற்றுகிற மேக்ரோ (வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்) இருந்தால்தான் இது பாதுகாப்பு.

இரண்டாவது பொறி வெற்றிடங்கள். விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. மேக்கில் அந்த ஐந்து இடத்தில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? ஒன்று தலையில் வளையம் உள்ள பெரிய ஏ, ஸ்கேண்டிநேவிய எழுத்து. மற்ற நான்கும் செடில்லா சி, கிரேவ் ஈ, கூரை ஈ, கிரேவ் யூ. நான்குமே அன்றாடப் பிரெஞ்சு! இவை விண்டோஸில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், அல்லது கட்டமாகத் தெரியலாம், அல்லது ஏதாவது நிரல் அவற்றைத் துடைத்தே போட்டுவிடலாம். தெரியாததை ஃபைண்டில் எப்படித் தேடுவீர்கள்?

அப்படியானால் சரியான வழி என்ன?

கோப்பின் வகையைப் பொறுத்தது.

வெறும் உரைக் கோப்பு என்றால் சுலபம். லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறக்கும்போது, வகைப் பட்டியலில் 'உரை, குறியேற்றத்தைத் தேர்ந்தெடு' என்ற பொருளில் ஒரு வகை இருக்கும் (குறியேற்றம் என்பது நாம் இதுவரை சொன்ன அட்டவணைதான்). அதைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணைகளின் பட்டியலே வரும். மேற்கு ஐரோப்பா என்பதன் கீழ் மேக் ஒன்று, விண்டோஸ் ஒன்று, டாஸ் சில என்று இருக்கும். மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள், ஒன்றில் படக்கென்று சரியாகிவிடும். வேர்டிலும் இந்த வசதி உண்டு. மேம்பட்ட அமைப்புகளில், பொதுப் பிரிவில், 'திறக்கும்போது வடிவ மாற்றத்தை உறுதிசெய்' என்ற கட்டத்தை டிக் செய்துவைத்தால், கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியேற்றம் என்று அது கேட்கும். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஐகான்வ் இருக்கிறது. எந்த அட்டவணையிலிருந்து எந்த அட்டவணைக்கு என்று சொன்னால் ஒரு கோப்புறையில் உள்ள அத்தனையையும் நொடியில் மாற்றிவிடும்.

ஆர்டிஎஃப் கோப்பு என்றால் ஒரு வசதி. அது உள்ளே வெறும் ஆஸ்கிதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியிலேயே தான் எந்த அட்டவணை என்று அறிவித்திருக்கும். ஆன்சி (அதாவது விண்டோஸ்), மேக், பிசி என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும். ஆக்சென்ட் எழுத்துகள் பின்சாய்கோடு, மேற்கோள்குறி, அப்புறம் பதினாறடிமான எண் என்ற வடிவில் இருக்கும். அறிவிப்பு ஒன்று, உள்ளிருப்பது இன்னொன்று என்று முரண்பட்டால், நகல் ஒன்றில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றித் திறந்து பாருங்கள். பல தடவை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

வேர்டு கோப்பு என்றால் வயதைப் பார்க்க வேண்டும். வேர்டு 97 முதல் கோப்புக்குள் யூனிகோடு (எல்லா மொழிக்கும் ஒரே பொது அட்டவணை) வந்துவிட்டது. அதற்குப் பிந்திய கோப்பில் எழுத்து உடைந்திருந்தால், பெரும்பாலும் வேர்டுக்குள் வருமுன்பே உடைந்ததுதான். அதாவது யாரோ தவறான அட்டவணையில் திறந்து, உடைந்த எழுத்துகளையே உண்மையான எழுத்துகளாக நினைத்துச் சேமித்துவிட்டார்கள். இப்போது வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். விண்டோஸ்-1252 உரையாகச் சேமித்து, அதையே மேக் அட்டவணையில் திறந்தால் பழைய எண்களுக்குப் பழைய அர்த்தம் கிடைத்துவிடும், மேலே சொன்ன ஐந்து காலி இடங்களில் எதுவும் தொலையாமல் இருந்தால். தடித்த எழுத்து, அடிக்குறிப்பு எல்லாம் இந்த வழியில் போய்விடும். அவை வேண்டுமென்றால் மேக்ரோதான்.

ஓர் ஆக்சென்ட் எழுத்துக்கு இரண்டு எழுத்து வருகிறது. டில்டே ஏறிய பெரிய ஏ, பக்கத்தில் காப்புரிமைக் குறி. இது என்ன?

யூடிஎஃப்-8. யூனிகோடை எட்டு பிட் துண்டுகளாக எழுதும் முறை, கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வடிவமைத்தது. ஆஸ்கி எழுத்துக்கு ஒரு துண்டு, ஆக்சென்ட் எழுத்துக்கு இரண்டு, தமிழ் எழுத்துக்கு மூன்று. அக்யூட் ஈ 195, 169 என்று இரண்டு எண்ணாக எழுதப்படும். அதை விண்டோஸ்-1252 என்று படித்தால் நீங்கள் சொன்ன ஜோடி வரும். பழைய மேக் அட்டவணையில் படித்தால் கணித வர்க்கமூலக் குறியும் காப்புரிமைக் குறியும் வரும். டாஸ் 437-இல் படித்தால் பெட்டி வரையும் கோடு ஒன்று வரும்.

இதில் கோப்பு முழுசாகத்தான் இருக்கிறது, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் போதும். ஓர் எழுத்துக்கு நான்கு வந்தால், தவறாகப் படித்ததையே இன்னொரு தடவை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு முறை பின்னால் போக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கிரேவ் ஏ 195, 160 என்று எழுதப்படும். அந்த 160 உடையாத இடைவெளி, கண்ணுக்கு வெற்றிடம்தான். பிரெஞ்சில் கிரேவ் ஏ தனிச் சொல்லாகவே வரும், வரிக்கு வரி வரும். ஏதாவது ஒரு நிரல் 'இரட்டை இடைவெளியைச் சுருக்குகிறேன்' என்று அந்த 160-ஐச் சாதாரண இடைவெளியாக்கிவிட்டால், மற்ற எல்லா எழுத்தும் திரும்பி வந்த பிறகும் இது மட்டும் வராது. அதனால் உடைந்த உரையில் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தவே கூடாது. முதலில் குறியேற்றம், மற்றதெல்லாம் பிறகு.

எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கட்டம் கட்டமாக வந்தால் சில சமயம் சரியாகும். அந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. தவறான எழுத்து வந்தால் எழுத்துரு மாற்றிப் பயனில்லை.

ஆனால் இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, தமிழ் ஆய்வுக் கட்டுரைகளைக் கையாள்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது நெடிலுக்கு மேல்கோடு, ட-வுக்கும் ண-வுக்கும் கீழ்ப்புள்ளி, ழ, ற, ன ஆகியவற்றுக்குக் கீழ்க்கோடு போடுவது வழக்கம். இந்தக் கீழ்ப்புள்ளியும் கீழ்க்கோடும் மேக் அட்டவணையிலும் கிடையாது, விண்டோஸ்-1252-இலும் கிடையாது. ஆகவே யூனிகோடு பரவும்வரை அறிஞர்கள் தனி எழுத்துருக்கள் வைத்திருந்தார்கள். அக்யூட், உம்லாட் இருந்த இடத்தில் இந்த எழுத்துகளை வரைந்துகொண்டார்கள். எந்த இடத்தில் எது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

அத்தகைய கோப்பில் எழுத்துருவின் பெயர்தான் ஒரே துப்பு. 'செலக்ட் ஆல்' போட்டு டைம்ஸ் நியூ ரோமனாக்கினால் துப்பு அழிந்தது. உம்லாட் யூ எல்லாம் ஜெர்மன் உம்லாட் யூ-வா, தமிழ் நெடில் ஊ-வா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

பழைய தமிழ்க் கோப்புகளும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. டிஸ்கி குறியேற்றம் தமிழ் எழுத்துகளை 128-க்கு மேலே வைத்தது, அதாவது ஆக்சென்ட் எழுத்துகளின் வீட்டில். டிஸ்கியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் முக்கால் என்ற பின்னம், அக்யூட் ஏ, சென்ட் நாணயக் குறி, அக்யூட் யூ என்று தெரியும். பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியவர்களுக்கு இந்த நான்கு எழுத்தும் பழகிய முகம்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பிரெஞ்சுக் கோப்பை விண்டோஸிலிருந்து மேக்குக்கு அனுப்பும்போது, எண்களை மாற்றும் நிரல் நல்லது செய்கிறது: 233-ஐ 142 ஆக்குகிறது. அதே நிரல் டிஸ்கி கோப்பைப் பார்த்தால் அதையும் பிரெஞ்சு என்றே நம்பும். சும்மா விட்டிருந்தால் மேக்கில் டிஸ்கி எழுத்துரு போட்டுப் படித்திருக்கலாம். உதவி செய்கிறேன் என்று எண்களையெல்லாம் மாற்றிவிடுகிறது. அதிலும் டிஸ்கியின் 'த' இருக்கும் 190-ஆம் இடம் விண்டோஸில் முக்கால் பின்னம், மேக் அட்டவணையிலோ முக்கால் பின்னமே கிடையாது. அதனால் கட்டுரை முழுக்க 'த' தொலைந்துபோகும். தமிழில் 'த' இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

பாமினி என்ற தமிழ் எழுத்துரு வேறு ரகம். அது பெரும்பாலும் விசைப்பலகையில் இருக்கும் ஆஸ்கி இடங்களையே பயன்படுத்தியது. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மேக், விண்டோஸ், டாஸ் எங்கே போனாலும் அந்த ஐந்தும் மாறாது. பாமினியை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அது கெட்டிக்காரத்தனம்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது. ஆனால் தேடினால் சொல் கிடைக்க மாட்டேன் என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே!

யூனிகோடில் அக்யூட் ஈ-யை இரண்டு விதமாக எழுதலாம். 233 என்று ஒரே எழுத்தாக, அல்லது வெறும் ஈ, அதன் பின்னால் தனியாக ஒரு சாய்கோடு. திரையில் வித்தியாசம் தெரியாது. எண்ணை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

தமிழிலும் இது உண்டு. 'கொ' எழுத க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்க்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் எல்லா நிரலும் விதியை மதிப்பதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை அடிக்கடி சிக்கும். இதற்கு மருந்து இயல்பாக்கம் என்ற நடவடிக்கை, என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

கோப்பின் பெயரிலேயே ஆக்சென்ட் இருந்தால்?

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை இப்போது சொன்ன பிரித்த வடிவத்தில்தான் வைக்கும், விண்டோஸில் பொதுவாகச் சேர்ந்த வடிவம். ஒரே பெயரில் இரண்டு கோப்பு ஒரே கோப்புறையில் இருப்பதுபோலத் தெரியும். ஜிப் செய்து அனுப்பினால் அங்கே டாஸ் 437 பூதம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பெயரில் பெட்டிக் கோடுகள் வரும். கோப்புப் பெயரை ஆஸ்கியில் வைத்துவிடுங்கள். உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்.

உரை முழுக்க ஒரே பத்தியாக ஓடுகிறது. இதுவும் அதே பிரச்சினையா?

இல்லை, பக்கத்து வீட்டுப் பிரச்சினை. வரி முடிவுக்குப் பழைய மேக் 13 என்று எழுதும், யூனிக்ஸ் 10, டாஸும் விண்டோஸும் 13, 10 இரண்டும். நோட்பேட் இதில் வெகுகாலம் முரண்டுபிடித்தது. வேறு எந்த நல்ல உரைத் தொகுப்பியில் திறந்தாலும் சரியாகிவிடும்.

இனிமேல் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

புதிதாக எழுதுவதெல்லாம் யூடிஎஃப்-8-இல் அல்லது இன்றைய டாக்எக்ஸ் வடிவத்தில் இருக்கட்டும். பழைய கோப்பை வாங்கும்போது எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்த வருடம், எந்த எழுத்துரு என்று நாலு கேள்வி கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் கூடவே ஒரு பிடிஎஃப், அல்லது அச்செடுத்த தாளின் புகைப்படம் வாங்குங்கள்.

நான் இன்னொன்றும் செய்கிறேன். கோப்பு அனுப்புகிறவரிடம், முதல் வரியில் அந்த மொழியின் ஆக்சென்ட் எழுத்துகளை எல்லாம் ஒரு தடவை வரிசையாக அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே சாதாரண எழுத்தில் 'அக்யூட் ஈ, கிரேவ் ஈ' என்று பெயர்களையும் எழுதச் சொல்கிறேன். கோப்பு எத்தனை கணினி ஏறி இறங்கினாலும் பெயர்கள் மாறாது, எழுத்துகள் மாறியிருந்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் மட்டும் அந்த வரியையும் மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லிவிட்டார்.